சாக்கு

மின்சாரம் இரண்டு முறை போய்வந்த ஞாயிறு இரவு.
காக்ஸ் டவுன் மூன்றாம் மாடியில்
மூன்று பந்தயங்களைத் திறந்து வைத்திருக்கிறேன்,
ஒன்றுக்குத்தான் விடுப்பு கிடைக்கும்.

முதலாவது குடகுப் பக்கம், எண்பது கிலோமீட்டர்.
படத்தில் மேகம், மேகத்துக்கு மேலே ஒரு கால்.
யாருடையது என்று தெரியவில்லை,
என்னுடையது இல்லை என்று மட்டும் தெரிகிறது.
கெடு பதினெட்டு மணி நேரம்.
வகுத்தால் கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை நிமிடம்,
நடந்தே முடித்துவிடலாம் போலிருக்கும்.
ஏற்றம் நாலாயிரம் மீட்டர் என்பது
கீழே சின்ன எழுத்தில்,
இந்த ஊர் வாடகை ஒப்பந்தத்தில்
பெயிண்ட் செலவு ஒளிந்திருப்பதுபோல.

அடுத்தது இரவில் ஓடுவது.
தலைவிளக்கு கட்டாயம், யானை நடமாட்டம் உண்டு.
தைரியம் இருக்கிறதா என்று கேட்கவில்லை,
ரத்தப் பிரிவு என்ன என்று கேட்கிறார்கள்.
ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள் நான்,
அது நல்ல கேள்விதான்.
மூடிவிட்டேன்.

மூன்றாவதற்கு ஒழுங்கான படம்கூட இல்லை.
ராமநகரம் தாண்டி ஏதோ ஒரு மாந்தோப்பு,
தண்ணீர்த் தொட்டி, நிறுத்திய கார்கள்,
ஆரஞ்சு உரிக்கும் யாரோ ஒருவரின் முதுகு.
பத்து கிலோமீட்டர் வளையம், ஐந்து சுற்று.
பதினோரு மணி நேரம்.
ஏற்றம் மொத்தம் தொள்ளாயிரம்.

தொள்ளாயிரம் என்றால்
எங்கள் ஆஸ்பத்திரியின் ஏழு மாடியை
நாற்பத்துமூன்று முறை.
நாலாயிரம் என்றால் நூற்றுத் தொண்ணூறு.
முதல் எண்ணை என் முழங்கால் யோசித்துப் பார்க்கிறது.
இரண்டாவதைக் கேட்டதும்
வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறது.

"வளையமா?" என்கிறாள் போனில் சாந்தலா.
"துரஹள்ளியில் சுற்றியது போதாதா?
அதற்கு ஒரு பதக்கம் வேறா?"
அவள் போன வருஷம் நூறு முடித்தவள்.
நகம் போன விரல்களைப் படம் எடுத்து
காலை வணக்கத்தோடு அனுப்பினாள்.

நான் முடிக்காதவள்.
இரண்டு வருஷத்துக்கு முன்
அறுபத்திரண்டாவது கிலோமீட்டரில்,
கெடு தாண்டிப் பத்து நிமிடத்தில்,
ஒரு சின்னப் பையன்
நெஞ்சில் குத்தியிருந்த எண்ணின் ஓரத்தைக்
கத்தரிக்கோலால் வெட்டினான்.
மிக மரியாதையாக வெட்டினான்.
"சாக்கு மேடம், சாக்கு" என்றான்.
கன்னடத்தில் அது போதும் என்பது.
என் தமிழ்க் காதில்
அது சாக்காகவே விழுந்தது,
நான் எல்லோரிடமும் சொல்லப்போகும் சாக்கு.
மழை, செருப்புக்கடி, உப்பு மாத்திரை, வழிகாட்டும் ரிப்பன்
எதுவும் காரணமில்லை.
மலை பெரிது, நான் மெதுவானவள்.
வாழைப்பழப் பெட்டிகளுக்கு நடுவே
ஜீப்பில் இறங்கி வந்தேன்.
ஒன்றைத் தின்றேன். நன்றாக இருந்தது.
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

வளையத்தில் ஜீப் கிடையாது.
ஒவ்வொரு சுற்றும் கார் நிற்கும் இடம் வழியாகத்தான் போகும்.
நான்கு முறை என் சாவி என்னைக் கூப்பிடும்.
நான்கு முறை நானே சொல்லிக்கொள்ளலாம்,
சாக்கு என்று, எந்த மொழியிலும்.
வெளியேறும் வழி அவ்வளவு பக்கத்தில் இருந்தால்
உள்ளே இருப்பது
யாரும் மாட்டிவிட்டதாக இருக்காது.

படிவம் கேட்கிறது,
முடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?
பத்து மணி ஐம்பது நிமிடம் என்று எழுதுகிறேன்.
அழித்துவிட்டு, மறுபடியும் அதையே.
அவசரத் தொடர்பு, சாந்தலா.
டீ-ஷர்ட் அளவு, பொய்.

பணம் போய்விட்டதாகச் செய்தி வருகிறது.
பதிவு உறுதியானதாக எதுவும் வருவதற்குள்
மூன்றாம் முறையாக மின்சாரம் போகிறது.
வீட்டில் பாலும் இல்லை.
இருட்டில் இறங்கி மூலைக் கடைக்குப் போய்விட்டு
லிஃப்ட் இல்லாமல் திரும்புகிறேன்.
மூன்று மாடி, ஒன்பது மீட்டர்.
கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.